டிரம்காரன் தோளில் நான் போட்ட துண்டு

நான் குடியிருக்கும் வீட்டில் சமையல்கட்டு மேஜைமேல் டிரம் அடிக்கிறார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வீட்டுக்காரன் பெயர் பிராங்க், என்னோடு ஒரே சாயப்பட்டறையில் வேலை செய்கிறவன். காலையில் காப்பி கொதிக்கும்போதே ரப்பர் ஒட்டிய பலகை ஒன்றை ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு குச்சிகளால் தடதடவென்று ஆரம்பித்துவிடுவான். அவன் மனைவி மேரி அந்தக் குச்சிகளுக்கு நடுவே கையை நீட்டி வெண்ணெய்க் கிண்ணத்தை எடுப்பாள். தீட்டு என்று யாரும் சொல்வதில்லை. எழுந்து வெளியே போய் அடி என்றும் சொல்வதில்லை. வந்த புதிதில் இதைப் பார்த்து எனக்கு ரொட்டி தொண்டைக்குள் இறங்கவில்லை. அரியலூர்ப் பக்கத்துக்காரர்கள் இதைப் படித்தால் என் திகைப்பு அவர்களுக்குப் புரியும். புரியாத மாதிரி நடித்தாலும் நடிப்பார்கள்.

எங்கள் ஊர் உடையார்பாளையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். என் அப்பா மாரிமுத்து பறை அடிக்கிறவர். அவருடைய பறை எங்கள் குடிசைக்குள்ளேயே வந்ததில்லை, தாழ்வாரத்துக் கொம்பில் தொங்கும். ஆண்டைமார் வாழும் மேலத்தெருவுக்குள் சாவுக்கும் சாமிக்கும் கூப்பிட்டால்தான் போகும். தேர்த்திருவிழாவில் இரண்டு ஊர்ப் பறைக்காரர்களை எதிரெதிரே நிறுத்திப் போட்டி வைப்பார்கள். அடி பிசகாதா என்று காத்திருப்பதுதான் மேலத்தெருக் கூட்டத்தின் வேலை. பிசகினால் ஊளை. ஊளையோடு விட்டால் புண்ணியம், புழுதியும் பறக்கும். பிரமாதமாக அடித்தால் ஆண்டை ஒரு துண்டு கொடுப்பார். அதை அடி நடக்கும்போதே கொடுக்க வேண்டும். முடிந்த பிறகு கொடுத்தால் அது கூலி, நடுவில் கொடுத்தால்தான் மரியாதை. அந்த மரியாதையையும் தரையில்தான் வீசுவார். பக்கத்தில் நிற்கும் பறைக்காரர் குனிந்து எடுத்து அப்பாவின் இடுப்பில் கட்டிவிடுவார். தோளில் போடக் கூடாது. போட்டவன் தோளில் தோல் மிஞ்சாது.

அப்போது நான் அரியலூரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். சட்டை போட்ட பையன். அப்பா பண்ணையில் கணக்கு வேலை பார்க்கிறார் என்று கூசாமல் புளுகி வைத்திருந்தேன். ஒரு வருஷம் கூடப் படித்த இரண்டு பேர் தேர் பார்க்க வேண்டும் என்று என்னோடு கிளம்பி வந்துவிட்டார்கள். வெளியூர் ஜனம் நெருக்கியடித்த மேலத்தெருக் கூட்டத்துக்குள், யாருக்கும் அடையாளம் தெரியாது என்று சட்டையை நம்பி, அவர்களோடு நின்றேன். எதிரே அப்பா. ஜுரத்தோடு வந்திருக்கிறார், கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. வேகம் ஏறியபோது கைக்குச்சி நழுவி ஒரு அடி விழாமல் போயிற்று. உடனே கூட்டம் ஊளையிட்டது. என் சிநேகிதர்கள் ஊளையிட்டார்கள். நான் சும்மா நின்றால் எதற்கு நிற்கிறான் என்று கேட்பார்களே. நானும் ஊளையிட்டேன். தொண்டை கிழிய. பெற்ற தகப்பன் இரண்டு கையையும் கூப்பித் தலையைக் குனிந்துகொண்டு நிற்க, நான் எதிரே நின்று ஊளையிட்டேன் ஐயா. போன கோடை வரை இதை யாரிடமும் சொன்னதில்லை.

அப்பா அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் குரல் கேட்டதா, கேட்கவில்லையா என்பதே தெரியாமல் அந்த முள்ளை விழுங்கிவிட்டேன். யுத்த காலத்தில் கப்பலில் கரி தள்ளும் வேலை கிடைத்தது. புறப்படுவதற்கு முன்னால் அரியலூர்க் கடைத்தெருவில் சிவப்புக் கரை போட்ட வெள்ளைத் துண்டு ஒன்று வாங்கிக்கொண்டு போய் அவரிடம் நீட்டினேன். விரித்துப் பார்த்தார். திரும்ப மடித்து என் பெட்டிக்குள் வைத்தார்.

“இத இடுப்புல கட்டுனா துண்டுக்குக் கேவலம். தோள்ல போட்டா எனக்கு ஆபத்து. நீ கொண்டுட்டுப் போடா. போற ஊர்ல தோள்ல போடலாமுன்னா போடு.”

கப்பல் என்னை அமெரிக்காவில் நியூஜெர்ஸியில் இறக்கிவிட்டது. அங்கேயே தங்கிவிட்டேன். என் நிறத்தைப் பார்த்து மூன்று வீட்டுக் கதவுகள் மூஞ்சியில் சாத்தப்பட்ட பிறகு, நாலாவதாக மாடி அறையைக் கொடுத்தவன் பிராங்க். அவன் வீட்டை விட்டால் எனக்கு இந்த ஊரில் வேறு போக்கிடம் இல்லை. அவன் சண்டைக்குப் போய்த் திரும்பிய சிப்பாய். அப்படித் திரும்பியவர்கள் ஊருக்கு ஊர் சேர்ந்து டிரம் கோர் என்று ஒரு கூட்டம் வைத்திருக்கிறார்கள். டிரம்மும் பியூகிள் என்கிற ஊதுகொம்பும் மட்டும்தான். ராணுவ அணிவகுப்பு மாதிரி நடந்துகொண்டே அடிப்பார்கள். இவர்களுக்குள் போட்டி வேறு. போன கோடையில் மாகாணப் போட்டி வந்தது. அதில் முதலாவதாக வர வேண்டும் என்றுதான் பிராங்க் இரண்டு வருஷமாக எங்கள் காப்பியை ஆட்டிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேரி என்னையும் அழைத்துக்கொண்டு போனாள். அந்தத் துண்டை மடித்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

கால்பந்து மைதானம். சுற்றிலும் படிப்படியாகப் பலகை ஆசனம், ஆயிரக்கணக்கில் ஜனம். நடுவர்கள் பென்சிலும் அட்டையுமாக வரிசைக்குள்ளேயே புகுந்து, அடிக்கிறவனின் முழங்கையை ஒட்டி நடந்து, ஒவ்வொரு பிசகுக்கும் ஒரு கோடு கிழிக்கிறார்கள். கோடு கோடாக மதிப்பெண் குறையுமாம். பிசகு பிடிப்பதில் நம் மேலத்தெரு இவர்களிடம் தோற்றது என்று நினைத்துக்கொண்டேன்.

பிராங்கின் ஊருக்கு ஜென்மப் பகையான ஓர் ஊர்க் கோர் முதலில் மைதானத்துக்குள் வந்தது. அதில் ஒருவன் குச்சியைத் தவறவிட்டான். காதைப் பொத்திக்கொண்டேன். ஊளை வரவில்லை. எங்கள் பக்கத்து ஆசனங்களில் இருந்தவர்கள், அந்த ஊரைக் கண்டாலே காறித் துப்புகிறவர்கள், எழுந்து நின்று கை தட்டினார்கள். அவன் மாற்றுக் குச்சியை உருவிக்கொண்டு தொடர்ந்தான்.

“இவர்கள் பகையாளிகள் அல்லவா? ஊளையிட மாட்டீர்களா?” என்று மேரியைக் கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “வாசிக்கிறவனைப் பார்த்தா? சே. நீ எந்த ஊர் ஆள்?” என்றாள்.

கோட்டுக்குள் இருந்த துண்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பிராங்கின் கோர் வந்தது. அறுபது பேர் ஒரே ஆள் மாதிரி நடந்து வந்து, எங்களுக்கு நேர் எதிரே, சுண்ணாம்புக் கோட்டுக்குப் பத்தடி அப்பால் நின்றார்கள். பியூகிள்கள் ஓய்ந்தன. பிராங்க் மட்டும் தனியாக அடிக்க ஆரம்பித்தான். சமையல்கட்டில் கேட்ட அதே அடிதான். ஆனால் ரப்பர் இல்லாமல், தோலில் விழுந்தபோது அது என் நெஞ்செலும்பில் விழுந்தது. அப்பாவின் கை எனக்குத் தெரியும். வேகம் ஏறும்போது தோள் அசையாது, மணிக்கட்டு மட்டும் பேசும். இவனுக்கும் அப்படியே. ஜனம் மொத்தமும் எழுந்து நின்றது. இதற்கு மேல் என்னை யார் பிடிப்பது. வேலியைத் தாண்டினேன். கோட்டையும் தாண்டினேன். நேரே போய் அந்தத் துண்டை விரித்து அவன் தோளில் போட்டேன். மாலை மாதிரி, இரண்டு பக்கமும் தொங்க.

அவன் நேரே பார்த்தபடியே அடித்துக்கொண்டிருந்தான், இமைகூட அசையவில்லை. துண்டின் ஒரு முனை சரிந்து டிரம் தோலின்மேல் விழுந்தது. சத்தம் செத்தது. ஒரு குச்சி துணியில் சிக்கியது. நாலைந்து அடி காணாமல் போயிற்று. முழங்கையருகே நின்ற நடுவர் கோடு கிழித்தார், கிழித்துக்கொண்டே இருந்தார். யாரோ என் காலரைப் பிடித்து இழுத்துப் போய் மேரிக்குப் பக்கத்தில் தள்ளினார்கள். ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. அதற்குள் பிராங்க் குச்சியை உதறித் துணியை ஒதுக்கிவிட்டு மறுபடி அடியைப் பிடித்திருந்தான்.

கடைசியில் ஒலிபெருக்கியில் மதிப்பெண் சொன்னார்கள். பிராங்கின் கோர் மூன்றாவது. விட்டுப்போன அடிகளுக்கு வெட்டு, வெளியாள் உள்ளே வந்ததற்குத் தனி வெட்டு. சொல்லி வாய் மூடவில்லை, ஊளை கிளம்பியது. ஆயிரம் தொண்டைகளிலிருந்து, நாலு பக்கமும். இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்து இப்போது கொடுக்கிறார்கள், கொடுக்கட்டும், எனக்கு வேண்டியதுதான் என்று எழுந்து நின்று இரண்டு கையையும் கூப்பித் தலையைக் குனிந்தேன். அப்படித்தான் நிற்க வேண்டும் என்று என் உடம்புக்குத் தெரிந்திருந்தது.

மேரி என் கைகளைப் பிடித்துப் பிரித்தாள். “என்ன செய்கிறாய்? உட்கார். உன்னை இல்லை. நடுவரைத்தான்.”

“தப்பு செய்தவன் நான்.”

“ஆமாம், நீ ஒரு மடையன். அதை வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்வோம். நன்றாக அடித்தவனுக்குப் போய் இத்தனை வெட்டா?” என்று சொல்லிவிட்டு, அவளும் வாயைக் குவித்து நடுவரைப் பார்த்து ஊளையிட்டாள். எதிரே ஜெயித்த ஊர்க்காரர்கள் நிறைய பேரும் ஊளையிட்டுக்கொண்டிருந்தார்கள். தங்களுக்கு முதலிடம் கொடுத்த நடுவரைப் பார்த்து.

மேரி மன்னித்துவிட்டாள் என்பதற்காகப் பிராங்க் மன்னிப்பானா. வீட்டுக்கு வந்து துண்டை மேஜைமேல் வைத்துவிட்டு, “ஏன்?” என்று ஒரே வார்த்தை கேட்டான். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னேன். தரையில் வீசுவது, இடுப்பில் கட்டுவது, நான் போட்ட ஊளை. அவன் முகம் சிவந்தது சிவந்தபடியே இருந்தது. “எனக்கு மரியாதை செய்து என் கோரைத் தோற்கடித்தாய்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். மூன்று நாள் சமையல்கட்டில் டிரம் இல்லை. அந்த அமைதியில் காப்பி குடிப்பதைவிட விஷம் குடிக்கலாம். நானாகவே பெட்டியைக் கட்டினேன். நாலாம் நாள் காலை பெட்டியோடு படியிறங்கும்போது கீழே தடதடவென்று கேட்டது. அவன் தலை நிமிரவில்லை.

“பெட்டியைக் கொண்டுபோய் மேலே வை. அடுத்த போட்டிக்கும் வா. வேலியைத் தொட்டால் கையை ஒடிப்பேன்.”

பெட்டியை மேலே கொண்டுபோய் வைத்த கையோடு அப்பாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். துண்டு கடைசியில் ஒரு தோளில் ஏறியதையும், ஏறிய துண்டு டிரம்மில் சிக்கியதையும், அன்று தேரடியில் ஊளையிட்டவர்களில் நானும் ஒருவன் என்பதையும் எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் மூன்று தாள் கிழிந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. தபால்காரரைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, அவரையே பதிலும் எழுதச் சொல்லியிருக்கிறார். அப்பா சொன்னதை அப்படியே தபால்காரர் எழுதியிருந்தார்:

“பெத்த புள்ள கொரலு தெரியாமப் போயிருமா. அத வுடு. ஒன் டிரம்காரரு துண்டு சிக்குனதும் அடிய நிறுத்துனாரா, நிறுத்தாம அடிச்சாரா, அத நீ எழுதலயே. அத எழுது.”

படித்துவிட்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். நிறுத்தவில்லை என்று அன்றைக்கே எழுதிப் போட்டேன்.

இப்போதெல்லாம் போட்டிக்குப் போனால் வேலியிலிருந்து நாலு வரிசை தள்ளித்தான் உட்காருகிறேன். எந்த ஊர்க்காரன் குச்சியைத் தவறவிட்டாலும் முதலில் எழுந்து தட்டுகிறேன். என் கைகளைப் பார்த்தால் இந்த ஊரில் பிறந்த கைகள் என்றே சொல்வீர்கள். மதிப்பெண் சொல்லி முடித்து ஊரே நடுவரைப் பார்த்து ஊளையிடும்போது மேரி முழங்கையால் இடித்து, “நீயும் கத்தேன்” என்கிறாள். வாயைத் திறக்கிறேன். சத்தம் வரவில்லை. அது உடையார்பாளையத்துப் பக்கம் ஒரு தேரடியில், கைகூப்பி நிற்கிற ஒருவருக்கு எதிரே, இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.