நூற்று இருபத்தேழுக்கு அடுத்த எண்

பாலிடெக்னிக் கடைசி வருடத்தில் எங்கள் புராஜெக்ட் ஒரு சின்ன சர்க்யூட். குமிழைத் திருகினால் வோல்டேஜ் ஏறும். எவ்வளவு ஏறியது என்பதைச் சர்க்யூட் எண்ணாகக் காட்ட வேண்டும். அனலாக்கை டிஜிட்டலாக மாற்றுவது என்று புத்தகம் ஒரே வரியில் முடித்துவிடும். காட்டுவதற்கு எட்டு எல்இடி. முதலாவதன் மதிப்பு ஒன்று, அடுத்தது இரண்டு, பிறகு நான்கு, இப்படியே இரட்டித்து எட்டாவது நூற்று இருபத்தெட்டு. எரிகிறவற்றைக் கூட்டினால் எண்.

இந்த வேலை முழுவதையும் செய்யும் ஐசி கடையிலேயே கிடைக்கிறது. கூட்டாளி அதை வாங்கலாம் என்றான். நாமே கட்டலாம் என்று பிடிவாதம் பிடித்தவன் நான். "நம்பர் ஒண்ணும் சாடாதெ வரணும். சாடினா லேப் மார்க் இல்லா" என்று சார் முதலிலேயே மலையாளத்தில் சொல்லியிருந்தார்; ஓர் எண்ணையும் தாண்டிக் குதிக்கக் கூடாது. மார்க் இல்லையென்றால் இன்னொரு வருடம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்த இன்னொரு வருடத்தை அப்பாவிடம் எந்த வாயால் சொல்வது?

எங்கள் சர்க்யூட் சாடியது. முப்பத்திரண்டு வரவில்லை. அறுபத்துமூன்றுக்கு அடுத்து அறுபத்தேழு. நூற்று இருபத்தேழிலிருந்து நேராக நூற்று முப்பத்துநான்கு. குமிழை மயிரிழை நகர்த்தினாலும் இடையில் உள்ளவை தலைகாட்டவில்லை. எண்ணிக்கொண்டு போகும் கவுண்ட்டர் ஐசியை மாற்றினேன். சால்டரை உருக்கி மறுபடி வைத்தேன். சப்ளையை மாற்றினேன். அதே நூற்று முப்பத்துநான்கு. போர்டைச் சுவரில் எறியலாம் போலிருந்தது.

அப்பாவுக்குக் கிழக்கேகோட்டையில் ஒரு ஓட்டலில் அடுக்களை வேலை. மத்தியானம் ஓய்வுக்கு வீட்டுக்கு வந்தவர் குனிந்து பார்த்தார்.

"எல்லாம் எரியத்தானல செய்யுது? பொறவு எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

"எரியுதுப்பா. நம்பர் தப்பு."

"லைட்டுல என்னல நம்பரு?"

கடைசியில் ரெசிஸ்டர்களை ஒவ்வொன்றாக மீட்டர் வைத்து அளந்தேன். எண்ணை வோல்டேஜாக்கிக் குமிழின் வோல்டேஜோடு ஒப்பிடத் தருவது ரெசிஸ்டர்களால் கட்டிய ஓர் ஏணி. அதில் ஒன்று பத்து கே, அதாவது பத்தாயிரம் ஓம், என்றால் மற்றது சரியாக இரண்டு மடங்கு, இருபது கே, இருக்க வேண்டும். மீட்டர் இருபத்திரண்டு காட்டியது. ஒன்றல்ல, அத்தனையும்.

வாங்கி வந்தவன் கூட்டாளி. போனில் பிடித்தேன்.

"பழவங்காடியில இருபது இல்லடே. இருபத்திரண்டு மதி, அதே போதும்னு கடைக்காரன் சொன்னான். ரெண்டுதானே கூடுதல்!"

"எங்கிட்டச் சொல்லாண்டாமா?"

"சொன்னா நீ சும்மா இருப்பியா? வெறுதே டென்ஷன் ஆவ."

ரெண்டுதானே. எங்கள் வீடே அப்படித்தான் ஓடியது. ஒரு சைஸ் பெரிய ஷூவின் முனையில் காகிதம் திணித்துத்தான் நான் பத்தாவது வரை நடந்தேன். இந்த ஏணிக்குள் எதைத் திணிப்பது?

இருபத்திரண்டுகளை எல்லாம் பிடுங்கி, இரண்டிரண்டு பத்து கே சேர்த்து இருபதாக்கினேன். விரல் இரண்டு இடத்தில் சுட்டது. குமிழை மெல்லத் தள்ளினேன். நூற்று இருபத்தேழு: ஏழு விளக்கு. இன்னும் கொஞ்சம். ஏழும் அணைந்து எட்டாவது மட்டும் எரிந்தது. நூற்று இருபத்தெட்டு.

"போச்சால?" என்றார் அப்பா. "ஏழும் அணைஞ்சிட்டே."

"இப்பத்தாம்பா சரியா இருக்கு."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

டெமோ அன்று சார் குமிழைப் பிடித்து ஒரே திருகாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருகினார். எட்டும் எரிந்தன.

"ம்ம், மதி. அடுத்த குரூப்பு."

"சார், நடுவுல மெதுவா ஒரு தடவ..."

"கண்டு, கண்டு. பாஸாணு. பின்னெ எந்தா?"

கூட்டாளி என் காதில், "இருபத்திரண்டே போதுமாயிருந்து, கேட்டியா" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மார்க் வந்துவிட்டது, அடுத்த வருடம் இல்லை, எல்லாம் சரி. ஒரு நிமிடம் பார்த்திருந்தால் என்ன?

அடுத்த குழு மேசைக்காக நின்றது. குமிழை நடுவுக்குக் கொண்டுவந்து நகத்தால் தள்ளினேன். ஏழும் அணைந்தன, எட்டாவது எரிந்தது.

"ஒன்னு மாறாமோ?" என்று நகரச் சொன்னாள் பின்னால் நின்றவள்.

பிளக்கைப் பிடுங்கினேன்.