பாய்லர்காரர் கழுத்தில் விழுந்த மாலை

மாலையைக் கண்டால் எனக்கு ஆகாது. சாமி கழுத்தில் கிடந்தால் பொறுத்துக்கொள்வேன். மனிதன் கழுத்தில் விழுந்தால் எழுந்து வெளியே போய்விடுவேன். என் மகள் கல்யாணத்தில் மாலை மாற்றும் நேரத்தில் நான் மண்டப வாசலில் செருப்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன் என்று என் மனைவி இன்றும் குறை சொல்கிறாள். எண்ணியது உண்மைதான். இருநூற்றுப் பதினொன்று. அந்த ஒற்றைச் செருப்பு யாருடையது என்று இன்றுவரை தெரியவில்லை. அதுவும் ஒரு உறுத்தல்.

மலேசியாவில், கிள்ளானுக்கும் ஷா ஆலமுக்கும் நடுவில் இருந்த ஒரு சவர்க்காரத் தொழிற்சாலையில் நான் ஸ்டோர் கிராணியாக, சரக்குக் கணக்கு எழுதுபவனாக இருந்தேன். எழுபதுகளின் கடைசியில் சேர்ந்தது. இங்கிலீஷில் கடிதம் எழுதத் தெரியும் என்பதற்காக என்னைத் தொழிற்சங்கக் கிளையின் செயலாளராக்கிவிட்டார்கள். எனக்கு அதில் ஆசை இல்லை. ஆனால் யாராவது ஒருவர் சந்தாவையும் ஆட்களையும் ஒழுங்காக எண்ண வேண்டும், மற்றவர்களுக்கு எண்ணத் தெரியாது.

கிளைத் தலைவர் பாய்லர்காரர். நீராவி அறையின் சூட்டில் இருபது வருடம் நின்று முகம் செங்கல் நிறமாகிப் போன மனிதர். குரல் பெரியது. அவர் பேசினால் மூன்று பிரிவு தள்ளி எண்ணெய்த் தொட்டிக்காரர்களுக்கும் கேட்கும். மேனேஜர் மேசையைத் தட்டினால் இவர் இரண்டு தரம் தட்டுவார். அதனால் எங்கள் ஆட்களுக்கு அவர்மேல் அப்படி ஒரு நம்பிக்கை.

இன்னொரு ஆள், சவர்க்காரக் கட்டிகளைத் தாளில் சுற்றும் பிரிவில் இருந்த பெண். கிளைக் குழுவில் இருந்த ஒரே பெண். கட்டி சூடு ஆறாமல் வரும். அதிலுள்ள காரம் தோலை அரிக்கும். கையுறை போட்டால் தாள் மடிக்க வராது, எண்ணிக்கை குறையும், சூப்பர்வைசர் கத்துவான். ஆகவே வெறுங்கையால்தான் சுற்றுவார்கள். அவளுக்கு விரலிடுக்கெல்லாம் வெடித்து, சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மருத்துவ விடுப்பு முழுவதும் தீர்ந்துவிட்டது. டாக்டர், இனி சவர்க்காரத்தைத் தொடக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தார். அந்தத் தாளை அலுவலகத்தில் கொடுத்தால் வேலைக்குத் தகுதியற்றவள் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பதால் பையிலேயே மடித்து வைத்திருந்தாள்.

அவளுக்காகவும் அவளைப் போன்றவர்களுக்காகவும்தான் புதிய கூட்டு ஒப்பந்தத்துக்கான எங்கள் கோரிக்கையில் பத்தொன்பதாவது பிரிவைச் சேர்த்தோம். நானே எழுதினேன். வேலையால் கை கெட்டுப்போனவருக்கு, அதே சம்பளத்தில் தொழிற்சாலைக்குள்ளேயே வேறு வேலை கொடுக்க வேண்டும். இவ்வளவுதான். கூட்டுவதற்கும் லேபிள் அடுக்குவதற்கும் ஆள் தேவைப்பட்ட இடம் அது. கம்பெனிக்கு ஒரு காசு கூடுதல் செலவில்லை.

பழைய ஒப்பந்தம் காலாவதியாகி ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. பேச்சுவார்த்தை கோலாலம்பூரில் ஒரு ஹோட்டலில் நடந்தது. ஒன்பது தடவை உட்கார்ந்தார்கள். நான்கில் நானும் இருந்தேன். நான்கிலும் உருளைக்கிழங்கு மசாலா அடைத்த கறிபாப் வந்தது, ஆளுக்கு இரண்டு. எங்கள் பக்கம் பேசியவர் சங்கத்தின் பொதுச் செயலாளர். நான்கு தவணையாகப் பதவியில் அவர்தான். வெள்ளைச் சட்டை, தங்கப் பேனா, வாயைத் திறந்தால் "தம்பி". எழுபது வயது ஆளையும் தம்பி என்பார்.

ஏழாவது கூட்டத்தில் பத்தொன்பதாவது பிரிவு வந்தது. கம்பெனி மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பொதுச் செயலாளர், "அஞ்சு நிமிசம் குடுங்க தம்பி" என்று என்னிடம் சொல்லிவிட்டு எழுந்தார். இருவரும் சேர்ந்து கழிவறைக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது இருவரும் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்கள். சிரிப்பு வேறு.

"அத அடுத்த அக்ரிமெண்ட்ல பாத்துக்கலாம் கிராணியாரே. அதுக்குப் பதிலா வேற ஒண்ணு வாங்கியிருக்கேன் பாருங்க."

அவர் வாங்கியது இது: வருடத்துக்கு இரண்டு ஜோடிக் காலணி என்பது மூன்று ஜோடி ஆனது. புண் வந்தது கையில், கொடுத்தது காலுக்கு. இரண்டாவது கறிபாப்பை நான் தொடவில்லை.

மறுநாள் தேநீர் வேளையில் பாய்லர் அறை வாசலில் நான் இதைச் சொன்னபோது அவள் தன் கைகளைப் பார்த்தாள்.

"மூணாவது ஜோடியக் கையில மாட்டிக்கச் சொல்றாங்களாண்ணே?"

பாய்லர்காரர் தகர மக்கைச் சுவரில் அடித்தார். "போதும் லா! இந்த ஆள நம்பி நம்பி நம்ம தலைமுடி கொட்டிப்போச்சு. மாநாடு வருதுல்ல? நான் நிக்கிறேன். நாற்காலியோட தூக்கி பிரிக்பீல்ட்ஸ் ரோட்டுல வெச்சிடுறேன்."

"நெசமாவா சொல்றீங்க?" என்றாள் அவள்.

"ஏன் தங்கச்சி, நான் என்னிக்காச்சும் பயந்து பாத்திருக்கியா?"

பயந்து பார்த்ததில்லை. அதனால் நாங்கள் இறங்கினோம்.

கணக்கு எளிது. கம்பெனியின் எல்லா ஆலைக்கும் ஒரே ஒப்பந்தம்; பன்னிரண்டு கிளை, கிளைக்கு ஐந்து பேராளர், மொத்தம் அறுபது வாக்கு. மாநாட்டில் முதலில் பொதுச் செயலாளர் தேர்தல், அதன் பிறகு ஒப்பந்த நகலை ஏற்பதா இல்லையா என்ற தீர்மானம். எங்கள் ஆள் ஜெயித்தால் நகலைத் தள்ளிவிட்டுப் பத்தொன்பதாவது பிரிவோடு மறுபடி பேசப் போகலாம். தோற்றால் அடுத்த ஒப்பந்தம் வரை மூன்று வருடத்துக்குப் பேச்சில்லை. மூன்று வருடம் அவள் கை தாங்காது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பஸ் ஏறினேன். பந்திங், ஸ்ரீ கெம்பாங்கான், ஷா ஆலம் என்று அலைந்தேன். பந்திங்கில் செம்பனை ஆலை ஆட்கள் ஐவரும் ஒரே வாயாகத் திட்டினார்கள். "அந்த ஆளா? போன தீபாவளிக்குத்தான் எங்க கிளைக்கு வந்தாரு. வாழை இலைய மடிச்சதும் காரு ஏறிட்டாரு." எல்லா இடத்திலும் இதே வசவு. சலிப்பு ஊறிப் போயிருந்தது. நான் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து எண்ணினேன். எங்களையும் சேர்த்து முப்பத்து நான்கு. வெற்றி உறுதி.

ஒரு விஷயம் மட்டும் மிச்சம் இருந்தது. எங்கள் மாநாடு மாலையில்லாமல் தொடங்காது. ஒவ்வொரு கிளையின் தலைவரும் மேடையேறிப் பொதுச் செயலாளருக்கு மாலை போட வேண்டும். பன்னிரண்டு கிளைக்குப் பன்னிரண்டு, தலைமையகத்தின் சார்பில் ஒன்று. அதன் பிறகுதான் மாநாட்டுத் தலைவர் மணியடிப்பார்.

"நம்ம மாலை போடக் கூடாது" என்றாள் அவள். "மாலையப் போட்டுட்டு அப்புறம் எப்படி எதுத்து நிப்பீங்க?"

"போட மாட்டேன்" என்றார் பாய்லர்காரர். "மாலையே வாங்காமப் போவோம்."

அப்படியே வெறுங்கையோடு போனோம். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில், தண்டவாளத்துக்குப் பக்கத்து மண்டபம். ரயில் போனால் ஜன்னல் கண்ணாடி அதிரும். உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது மேடைக்குக் கீழே ஒரு மேசை. அதன்மேல் வாழையிலை விரித்து வரிசையாக மாலைகள். எண்ணினேன். பதின்மூன்று. வாங்காமல் வருவோம் என்று எப்படியோ தெரிந்து தலைமையகமே எங்களுக்கும் சேர்த்து வாங்கி வைத்திருந்தது, எங்கள் சந்தாப் பணத்தில். மேடையில் வண்ணத்தாள் ஒட்டிய பிஸ்கட் டின், மூடியில் கத்தியால் கீறிய வாய். அதுதான் வாக்குப்பெட்டி. வாக்கு எண்ணும் மூவரில் என்னையும் ஒருவனாகப் போட்டிருந்தார்கள். எண்ணுவதற்கு என்னை விட்டால் ஆளில்லை என்று அவர்களுக்கும் தெரியும்.

தலைமையகமும் பதினொரு கிளைகளும் போட்டு முடித்தன. பொதுச் செயலாளரின் கழுத்து மறைந்து, தாடை மறைந்து, பூக்குவியலுக்கு மேல் மூக்குக்கண்ணாடி மட்டும் தெரிந்தது.

"அடுத்து, கிள்ளான் கிளை!"

பாய்லர்காரர் அசையவில்லை. மறுபடி அழைத்தார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அன்றுதான் அவர்மேல் உண்மையான மரியாதை வந்தது. அது ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை.

பொதுச் செயலாளர் தன் மாலைகளைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார்.

"என் தம்பிக்கு என் மேல கோவம். கோவம் இருக்க வேண்டியதுதான். அண்ணன் மேல தம்பி கோவப்படாம, வேற யாரு கோவப்படுவா? எனக்கு இன்னிக்கு அவரு மாலை வேணாம். நான் போடுறேன் என் தம்பிக்கு."

மேசையில் மிச்சமிருந்த மாலையை எடுத்துக்கொண்டு படியிறங்கி நேராக எங்கள் வரிசைக்கு வந்தார். பாய்லர்காரர் எழுந்து நின்றார். எழுந்திருக்காமல் எப்படி இருப்பது, வயதில் மூத்தவர் எதிரில் வந்து நிற்கிறார். மாலை கழுத்தில் விழுந்தது.

மூத்தவர் மாலை போட்டால் அதைப் போட்டுக்கொண்டு சும்மா நிற்க எங்கள் ஆட்களால் முடியாது. கழற்ற வேண்டும், அவருக்கே திருப்பிப் போட வேண்டும், குனிய வேண்டும். யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. உடம்பு தானாகச் செய்யும். அவள் அவருடைய சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தாள். "வேணாண்ணே. உக்காருங்கண்ணே." நான் காதால் கேட்டேன். அவருக்கும் கேட்டிருக்கும். ஆனால் அவர் கை மாலையைக் கழற்றியது, அந்த ஆளுக்குப் போட்டது, முதுகு வளைந்தது, விரல் போய் அந்த மெருகேறிய காலணியைத் தொட்டது. மேனேஜரிடம் மேசையை இரண்டு தரம் தட்டிய அதே விரல்.

மண்டபம் கைதட்டி அதிர்ந்தது. பந்திங்காரர்கள்தான் முதலில் தட்டினார்கள்.

பிறகு நடந்ததைச் சொல்லவே அருவருப்பாக இருக்கிறது. தேர்தல் வந்ததும் பந்திங் கிளை எங்கள் ஆளின் பெயரை முன்மொழிந்தது, பேச்சு மாறக் கூடாதே என்று. ஷா ஆலம் வழிமொழிந்தது, குரல் பாதியாகியிருந்தது. பாய்லர்காரர் எழுந்தார். தோளில் ரோஜா இதழ் ஒட்டியிருந்தது.

"இப்பத்தான் அண்ணன் கால்ல விழுந்து எந்திரிச்சேன். உடனே அவருக்கு எதிரா நின்னா என்னை மனுசன்னு சொல்வீங்களா? முடியாது லா. வாபஸ் வாங்கிக்கிறேன்."

போட்டியின்றித் தேர்வு. பிஸ்கட் டின்னுக்குள் ஒரு தாள்கூட விழவில்லை.

ஒப்பந்தத்துக்குக் கை தூக்கச் சொன்னார்கள். எண்ணினேன். ஆதரவு ஐம்பத்தேழு. முப்பத்து நான்கு பேரில் முப்பத்தொரு பேர் எதிர்ப்பக்கத்துக் கைகளோடு சேர்ந்து கை தூக்கிக்கொண்டிருந்தார்கள். சிலர் என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார்கள். எதிர்ப்பு இரண்டு, என்னுடையதும் அவளுடையதும். அவள் தூக்கிய கையில் துணி சுற்றியிருந்தது. பாய்லர்காரர் இரண்டு கையையும் தொடையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"ஆதரவு ஐம்பத்தேழு, எதிர்ப்பு இரண்டு, வாக்களிக்காதவர் ஒன்று" என்று நான் ஒலிவாங்கியில் சொன்னேன்.

"நம்ம கிராணியார் கல்யாணத்துக்குப் போனா பந்தியில பப்படத்தையும் எண்ணுவாரு" என்றார் பொதுச் செயலாளர். ஒரே சிரிப்பு. "அந்த ரெண்டு பேரும் நம்ம பிள்ளைங்கதான். ஏகமனதுன்னே எழுதிக்குங்க."

அப்படியே எழுதினார்கள். பிறகு பிரியாணி. நான் சாப்பிடவில்லை.

கிள்ளானுக்குத் திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பாய்லர்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"நான் என்ன பண்ணட்டும் தங்கச்சி? பெரியவரு. ஒரு மரியாதைன்னு இருக்குல்ல?"

"இருந்த மரியாதையெல்லாம் அவருக்கே குடுத்துட்டீங்க. எனக்குன்னு என்னண்ணே மிச்சம் வெச்சீங்க?"

அவர் முன்பக்கம் போய்விட்டார். மூன்றாம் மாதம் அவள் கையில் சீழ் வைத்தது. சூப்பர்வைசர் பார்த்துவிட்டான். கம்பெனி டாக்டர் இரண்டு வரி எழுதினார். அத்தோடு வேலை போயிற்று. நான் தலைமையகத்துக்கு ஆறு கடிதம் எழுதினேன். ஒப்பந்தத்தில் இடமில்லை என்று ஒன்றுக்குப் பதில் வந்தது. பாய்லர்காரர் அடுத்த மாநாட்டில் உதவித் தலைவரானார். அவருக்கும் போட்டியில்லை.

தொண்ணூறுகளில், நான் ஓய்வு பெற்ற பிறகு, ஒரு சனிக்கிழமை காலை கிள்ளானில் காய்கறி வாங்கப் போனேன். பூக்கடை வரிசையில் யாரோ "அண்ணே!" என்று கூப்பிட்டார்கள். அவள்தான். ஸ்டூலில் உட்கார்ந்து மாலை கட்டிக்கொண்டிருந்தாள். விரல்கள் வழவழவென்று இருந்தன.

"கை ஆறிடுச்சு பாருங்க. வேலையிலேருந்து தூக்கினதும் ஆறிடுச்சு" என்று சிரித்தாள். பிறகு, "நாளைக்கு மாநாடாமே. போறீங்களாண்ணே?"

"போறதில்ல. உனக்கு எப்படித் தெரியும்?"

"மாலைக்கு ஆர்டர் எங்கிட்டதான் வந்துச்சு. உங்க பாய்லர்காரரே இன்னொரு ஆளோட வந்தாரு. என்னைப் பாத்ததும் மூஞ்சி போன போக்கப் பாக்கணுமே! அப்புறம் வெலையக் கொறைன்னாரு. முழுப் பணமும் முன்னாடி வெச்சாத்தான் நூலையே தொடுவேன்னேன். 'இரு தங்கச்சி, வெளிய போயி ஒரு அஞ்சு நிமிசம் பேசிட்டு வரேன்'னாரு. அதெல்லாம் வேணாம், பேசறத இங்கயே என் எதுர்லயே பேசுங்கன்னேன்."

"என்ன செஞ்சாரு?"

"என்ன செய்வாரு? வெச்சிட்டுப் போனாரு."

கட்டி முடித்த மாலைகள் ஈரச் சாக்கின்மேல் கிடந்தன. அவள் கத்தரிக்கோலால் நூலை வெட்டிக்கொண்டே சொன்னாள்.

"பதினாலு இருக்கணும். எண்ணிக் குடுங்கண்ணே, அப்புறம் கொறையுதுன்னு வந்து நிப்பாங்க."

பையைக் கீழே வைத்துவிட்டு எண்ணினேன். பதினான்கு இருந்தது, அன்றைக்கு மேசையில் இருந்ததைவிட ஒன்று கூடுதல். இரண்டு மட்டும் மற்றவற்றைவிடத் தடிமன். அவை யார் கழுத்துக்கு என்று நான் கேட்கவில்லை.