மூன்றாவது கார்டு போட்ட வெள்ளிக்கிழமை

படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிய நாட்களில், திருத்தணி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பிரவுசிங் சென்டரைப் பார்த்துக்கொண்டேன். உரிமையாளரை எல்லோரும் பாய் என்போம். கடைக் கணினிகள் எல்லாவற்றுக்கும் ஒரே சர்வர் வழியாகத்தான் இணையம். அதில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள்: ஒன்று கடைக்குள், ஒன்று வெளியே. போதாதென்று பாய் கேபிள்காரரிடம் இன்னொரு இணைப்பு வாங்கி, மூன்றாவது கார்டும் போட வைத்தார்.

"ரெண்டு லைன்னா ரெண்டு மடங்கு ஓடும்ல, இன்ஜினியரம்மா?"

"தானா அப்படி ஓடாது பாய்."

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?"

அன்றே பள்ளிப்பட்டிலிருந்து ஓர் அக்கா கைக்குழந்தையோடு வந்தார். துபாயிலிருக்கும் கணவர் குழந்தையைப் பார்த்ததே இல்லை. அங்கே கேமரா வைத்திருந்த நண்பர் மதியம் வேலைக்குக் கிளம்பிவிடுவாராம்.

கணவர் முகம் திரையில் வந்தது, அறுந்தது. மறுபடி வந்தது, அறுந்தது. குழந்தை வீறிட்டது. அக்கா தோள் மாற்றி மாற்றி நடந்தார்.

"எனக்கு ஓடிகினுதானே கீது" என்றார் பக்கத்துக் கணினிக்காரர்.

என் கால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. கேபிள் சரி. ஸ்விட்ச் சரி. கேமரா சரி. பக்கங்கள் திறக்கின்றன, நீண்ட பேச்சு மட்டும்தான் அறுகிறது. அப்போதுதான் பிடிபட்டது. வெளியே போகும் வழியைச் சொல்லும் எண்ணுக்குக் கேட்வே என்று பெயர். இணைப்பு கொடுத்த இருவரும் அவரவர் கார்டில் அதை ஒழுங்காக நிரப்பிவிட்டுப் போயிருந்தார்கள். சர்வர் ஒரு வழியில் தொடங்கிய பேச்சை நடுவில் மறு வழிக்கு மாற்றிக்கொண்டிருந்தது.

புதிய கார்டின் கேட்வேயை அழித்தேன்.

"காலையிலதாம்மா போட்டேன், அதுக்குள்ள புடுங்குறியே!"

"கார்டு அங்கேயேதான் இருக்குது பாய். பழைய லைன் படுத்தா இதை எழுப்பிக்கலாம்."

படம் வந்தது, இம்முறை அறுபடாமல் நின்றது. அதற்குள் குழந்தை தூங்கிப்போயிருந்தது. முகம் அம்மாவின் தோளில் புதைந்திருந்தது.

"மூஞ்சியக் காட்டு" என்றது ஸ்பீக்கர். அக்கா திருப்பிப் பிடித்தார். "இன்னா, இவ்ளோ கறுப்பா கீறான்?"

"உன் ஜாடைதான் பாவா, வேற யாரு?" என்றார் அக்கா கணவரிடம்.

"தூங்கட்டும், எழுப்பாத."

அக்கா கேட்கவில்லை. உள்ளங்காலைச் சுரண்டினார். குழந்தை கண் திறந்து, கடையே திரும்பிப் பார்க்கும்படி அலறியது. அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. நான் மட்டும் உட்காரவில்லை. அடுத்த நொடி அறுந்துவிடுமோ என்று, நண்பர் கேமராவைக் கேட்கும் வரை சர்வர் பக்கத்திலேயே நின்றேன்.