போர்தோவில் பார்க்க வேண்டிய மணல்

1. டீ வேண்டாம் என்றார்

ஹாஜியார் எங்கள் ஆபீஸுக்கு வந்து டீ வேண்டாம் என்று சொன்னது அந்த ஒரு நாள்தான். டிராவல்ஸ் தொழிலில் கஸ்டமர் டீ வேண்டாம் என்றால் கேன்சல் செய்ய வந்திருக்கிறார் என்று அர்த்தம். இதை எந்தக் கோர்ஸிலும் சொல்லித் தரமாட்டார்கள். புதிதாக வருகிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஜெசிந்தா. ஊர் தூத்துக்குடி. பஹ்ரைனில், குதைபியாவில் ஒரு டிராவல்ஸில் இருபது வருஷத்துக்கு மேலாக டூர் செக்‌ஷன் பார்க்கிறேன். முதலாளி காதர் பாய், கீழக்கரைக்காரர். ஹாஜியாரும் கீழக்கரை. மனாமா சூக்கில், அதாவது பஜாரில், ஏசி ஸ்பேர்பார்ட்ஸ் கடை. கடைக்கு கம்ப்ரெஸர் சப்ளை செய்கிற பிரெஞ்சுக் கம்பெனி, நன்றாக விற்ற டீலர்களை ஜோடியோடு பிரான்சுக்கு அழைத்திருந்தது. பஹ்ரைன், குவைத், துபாய் என்று மொத்தம் நாலு ஜோடி, எல்லாரும் நம் கடற்கரை ஊர் முஸ்லிம்கள். டிக்கெட், விசா, கூடப் போகிற ஆள் எல்லாம் எங்கள் பொறுப்பு. கூடப் போகிற ஆள் நான்.

கம்பெனியின் ஃபேக்டரி இருக்கிற ஊர் போர்தோ. அது வைனுக்குப் பேர் போன ஊர் என்பது எனக்குத் தெரியும், காதர் பாய்க்கும் தெரியும். ஹாஜியாருக்குத் தெரியாது. முதல் நாள் ராத்திரி அவருடைய மருமகன் போனில் அந்த ஊர்ப் படங்களை அனுப்பியிருக்கிறார். எல்லாப் படத்திலும் பாட்டில்.

"தம்பி காதரு," என்றார் ஹாஜியார். "நாளைக்கு ஊர் வாட்ஸப் குரூப்புல என்னன்னு போடுவானுக? ஹாஜியாரு சாராய ஊருக்கு டூர் போனாருன்னுதானே?"

பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி ரஹ்மத் லாத்தா மடியில் ஹேண்ட்பேக்கை வைத்துக்கொண்டு கம்மென்று உட்கார்ந்திருந்தார். கீழக்கரையில் அக்காவை லாத்தா என்பார்கள், அண்ணனைக் காக்கா என்பார்கள். இவர்களுக்கு மூன்று பெண்கள். அந்த ஊர் வழக்கப்படி பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது வீடும் கட்டிக் கொடுக்க வேண்டும். ஆக மூன்று வீடு. கல்யாணமாகி பஹ்ரைன் வந்ததிலிருந்து லாத்தா ஊருக்குப் போன லீவெல்லாம் கொத்தனார் பின்னால் நின்றே போயிற்று. சொந்தக்காரர் வீடு இல்லாத ஓர் ஊருக்கு அவர் போகப்போவது இதுதான் முதல் தடவை. அதற்காகக் கான்வாஸ் ஷூ வாங்கி, வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பழகிக்கொண்டிருந்தார். என்னிடம் காட்டிக்கூட இருந்தார்.

ஹாஜியார் வரமாட்டேன் என்றால் லாத்தாவுக்கும் கிடையாது. மற்ற மூன்று ஜோடியும் வயதில் மூத்தவர் என்ன சொல்கிறாரோ அதுதான். காதர் பாய் எழுந்து நின்று நெஞ்சில் கை வைத்தார்.

"காக்கா, வைன் மாஃபி, கிடையவே கிடையாது. ஒரு சொட்டு கண்ணுல பட்டாலும் எங்கிட்ட கேளுங்க."

ஹாஜியார் டீ கொண்டுவரச் சொன்னார். எனக்கு உயிர் வந்தது.

2. அடித்தது போக மிச்சம்

கம்பெனி அனுப்பிய புரோகிராமை எடுத்துக்கொண்டு காதர் பாய் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். வைன் மியூசியம், அடி. திராட்சைத் தோட்டத்தில் மதியச் சாப்பாடு, அடி. பாதாளக் கிடங்கு, அடி. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற பழைய கல் ஊர், அழகான ஊர், அதற்கும் அடி. கடைசியில் மிஞ்சியது ஃபேக்டரியும் ஒரு சதுக்கமும் டிராமும்தான். டிராமில் எத்தனை தடவை போய் வருவது?

பாய் நெட்டில் தேடினார். திடீரென்று முகம் மலர்ந்தது. ஊரிலிருந்து ஒரு மணி நேரத்தில் கடலோரம் ஒரு மணல் மேடு இருக்கிறதாம், ஐரோப்பாவிலேயே உயரமானதாம்.

நான் சொன்னேன்: "பாய், பாலைவனத்துல இருக்கிற ஆட்களை ஏழு மணி நேரம் பிளைட்ல ஏத்தி, மணலைக் காட்டவா கூட்டிட்டுப் போறது?"

"அது ஐரோப்பா மணலு, ஜெசிந்தா."

முதலாளி என்று ஆன பிறகு மனிதர்களுக்கு எங்கிருந்துதான் இந்த தைரியம் வருகிறதோ. கடைசி முழு நாள் பூராவும் மணலுக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

3. முப்பது வருஷ அரபி

சும்மா சொல்லக்கூடாது, போர்தோ ஊர் பிரமாதம். ஆற்றங்கரையில் ஒரே வரிசையில் பழைய கல் கட்டடங்கள், வெயில் பட்டால் நெய்ச்சோறு நிறம். நடுவூரில் டிராம் தலைக்கு மேல் கம்பியே இல்லாமல் ஓடும். கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று நாலு ஆண்களும் குனிந்து தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததில் இரண்டு டிராமை விட்டுவிட்டோம். ஸ்பேர்பார்ட்ஸ்காரர்களைக் கூட்டிப் போனால் இதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும்.

பெரிய சதுக்கத்துக்கு எதிரே கருங்கல் தரையில் விரலளவுக்குத் தண்ணீர் விட்டிருப்பார்கள். எதிரே இருக்கிற அரண்மனை மாதிரிக் கட்டடம் அப்படியே தலைகீழாக அதில் தெரியும். லாத்தா ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அபாயாவைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, அந்தத் தண்ணீரில் நடந்தார். ஹாஜியார் கரையில் நின்றபடி வழுக்கும், வழுக்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அது ஒன்றும் வழுக்கவில்லை.

ஊர் முழுக்க ஒரு சின்ன கருப்பு கேக் விற்பார்கள். வெளியே முறுமுறு, உள்ளே மெத்து. அதில் ரம் ஊற்றுவார்கள். குவைத், ஃபஹாஹீலிலிருந்து வந்திருந்த நிஜாம் பாய், அவரும் கீழக்கரைதான், ஒன்றை வாங்கி வாய்க்குக் கொண்டுபோனபோது, நான் பாய்ந்து பிடுங்கிவிட்டேன். கடைக்காரி என்னைத் திருடி என்று நினைத்திருப்பாள். அதிலிருந்து ஹாஜியார் எதைக் கண்டாலும் முகர்ந்துதான் பார்த்தார். தண்ணீர் பாட்டிலையும் விடவில்லை.

சாப்பாட்டுக்கு மொரோக்கோக்காரர் ஒருவரின் ஹலால் ஹோட்டலைப் பிடித்து வைத்திருந்தேன். ஹாஜியார் உற்சாகமாகத் தன் முப்பது வருஷ சூக் அரபியில் ஆர்டர் கொடுத்தார். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இவர் என்ன பாஷை பேசுகிறார் என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை. சில சமயம் வாயை மூடிக்கொண்டிருப்பதும் டூர் மேனேஜர் வேலைதான்.

4. ஐரோப்பா மணல்

மணல் மேட்டுக்கு முன்னால் பஸ் நின்றது. பைன் மரக் காட்டுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் மலை. உச்சியில் மனிதர்கள் எறும்பு மாதிரி நகர்ந்துகொண்டிருந்தார்கள்.

நிஜாம் பாய் ஒரு பிடி அள்ளித் தேய்த்துப் பார்த்தார். குவைத் மணல் இதைவிட நைஸ் என்றார். மற்றவர்களும் ஆளுக்கொரு பிடி அள்ளி ஆமாம் என்றார்கள். ஹாஜியார் என்னைப் பார்த்தார்.

"ஜெசிந்தாம்மா, நம்ம பஹ்ரைன்ல சாக்கீர் பாலைவனம் பக்கம் வண்டிய நிப்பாட்டியிருந்தா விசா இல்லாமலே இதப் பாத்திருப்பேனே."

இது ஐரோப்பா மணல் என்றேன். என் வாயால் அதைச் சொல்ல வைத்த காதர் பாயை மனதுக்குள் நன்றாகத் திட்டிக்கொண்டேன்.

மேட்டில் ஏறப் படி வைத்திருந்தார்கள். ஆண்கள் பாதிப் படியில் உட்கார்ந்து பிசினஸ் பேச ஆரம்பித்துவிட்டார்கள். லாத்தா மட்டும் ஏறிக்கொண்டே போனார். நான் பின்னால் மூச்சு வாங்க ஓடினேன். உச்சியிலிருந்து ஒரு பக்கம் பெருங்கடல், இன்னொரு பக்கம் கண் எட்டும் வரை பச்சை. லாத்தா கடல் பக்கம் திரும்பவே இல்லை.

"ஜெசி, நேத்து ஃபேக்டரிக்குப் போறப்ப பஸ்ஸுல பாத்தேன். வரிசை வரிசையா நட்டுருந்தாகளே, அது திராட்சையா?"

ஆமாம் என்றேன்.

"நான் திராட்சையப் பொட்டியிலதான் பாத்திருக்கேன். கொடியில பாத்ததே இல்ல. ஒரு கொத்து என் கையால பறிக்கணும்னு ஆசையா இருக்கு. அவுககிட்ட சொல்லிராதே. மானம் போகுதும்பாக."

இந்த டூரே அவருக்காகத்தான் நின்றுவிடாமல் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு என்ன பார்க்கப் பிடிக்கும் என்று காதர் பாய் கேட்கவில்லை, ஹாஜியார் கேட்கவில்லை, மகா புத்திசாலி நானும் கேட்கவில்லை. மறுநாள் சாயங்காலம் பிளைட். காலையில் சில மணி நேரம்தான் கையில் இருந்தது. அதை விட்டால் இனி எந்த லீவில் வரப்போகிறார்? ஊரில் மூத்த பேத்திக்கு வீடு கட்டுகிற பேச்சு ஆரம்பித்தாயிற்று.

காதர் பாய்க்கு போன் போட்டேன். அவர் பதறிவிட்டார். தோட்டம் என்கிற வார்த்தையே கூடாது, காக்கா கோபப்பட்டால் கம்பெனி கான்ட்ராக்ட் போகும், கலாஸ், அவ்வளவுதான், நேராக ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப் போ என்று கட் செய்துவிட்டார்.

5. பஸ்ஸிலேயே இருங்க

மறுநாள் காலைச் சாப்பாட்டில் நான் எப்படித் தொடங்குவது என்று ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். லாத்தாவே தொடங்கிவிட்டார். எல்லார் முன்னாலும், குரலை உயர்த்தாமல்.

"எனக்குத் திராட்சைத் தோட்டம் பாக்கணும். போற வழியில பஸ்ஸ நிப்பாட்டச் சொல்லுங்க."

ஹாஜியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"வீடு கட்டணும்னீக, மூணு வீட்டுக்கும் நின்னேன். மணலுதான்னீக, அதுலயும் ஏறுனேன். உங்களுக்கு மானக்கேடா இருந்தா நீங்க பஸ்ஸுலயே இருங்க."

மற்ற மூன்று மனைவிமாரும் தங்கள் தங்கள் வீட்டுக்காரர்களைத் திரும்பிப் பார்த்தார்கள். ஹாஜியார் என்னிடம் திரும்பி, பஸ் நிற்க இடம் இருக்குமா என்று மட்டும் கேட்டார்.

வழியில் ஒரு சின்னத் தோட்டம். அறுவடை நேரம். ரப்பர் பூட்ஸ் போட்ட ஓர் அம்மா கூடைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். நான் பாதி ஆங்கிலத்திலும் பாதி கையைக் காலை ஆட்டியும் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு ஒரே சிரிப்பு. வைன் கேட்டுத்தான் எல்லாரும் வருவார்கள், கொடியைப் பார்க்க வந்தது நீங்கள்தான் என்றார். லாத்தா கையில் கத்தரியைக் கொடுத்தார்.

ஆண்கள் பஸ்ஸில் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். திரை அடிக்கடி விலகுவதை நானும் பார்த்தேன். லாத்தா ஒரு கொத்து வெட்டினார். அடுத்து இன்னொரு கொத்து. பழம் சின்னது, தோல் தடிப்பு, கொட்டை பெரிது, ஆனால் வெல்லமாய் இனித்தது. அவர் வரிசைக்குள் போய்க்கொண்டே இருந்தார். எனக்கு பிளைட் நினைப்பே போய்விட்டது.

பத்து நிமிஷம் ஹாஜியார் தாங்கினார். பிறகு இறங்கி வந்தார், மற்றவர்களும் பின்னாலேயே. நேராக அந்த அம்மாவிடம் போய்க் கிலோ என்ன விலை என்று என்னைக் கேட்கச் சொன்னார். இது விற்கிற பழம் இல்லை, பிழியத்தான் என்றார் அந்த அம்மா. விலை இல்லாத சரக்கை ஹாஜியார் வாழ்க்கையில் பார்த்ததில்லை. ஹோல்சேலாக எடுத்தால் எவ்வளவு என்று மறுபடியும் கேட்கச் சொன்னார்.

அந்த அம்மா உள்ளே போய் ஒரு ஜாடியும் கிளாஸ்களும் கொண்டுவந்தார். ஊதா நிறத் திரவம். எல்லாரும் அப்படியே நின்றுவிட்டோம். நான் ஓடிப்போய் விசாரித்தேன். அன்று காலை பறித்த பழம், அப்போதுதான் பிழிந்தது, புளிக்கவே இல்லை, வெறும் சாறு. நான் திரும்பத் திரும்பக் கேட்டதில் அந்த அம்மாவே அலுத்துப்போய், பழத்தைக் கிளாஸுக்கு மேல் பிழிந்து காட்டினார்.

ஹாஜியார் கிளாஸை வாங்கி முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். லாத்தா தன் கிளாஸைக் குடித்து முடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"சாறுதான். குடிங்க."

ஹாஜியார் பிஸ்மி சொல்லிக் குடித்தார். பிறகு ஜாடியைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லுங்கள் என்றார்.

6. ஊர் குரூப்

நாங்கள் பஹ்ரைனில் இறங்குவதற்குள் படம் ஊர் குரூப்பில் ஏறிவிட்டது. நிஜாம் பாய் ஆசையாக எடுத்து ஆசையாகப் போட்டது. பின்னால் திராட்சைக் கொடி, கையில் கிளாஸ், வெள்ளைத் தாடியில் ஊதா வழிய ஹாஜியார் சிரிக்கிறார். எதற்குப் பயந்து டீயைக்கூட வேண்டாம் என்றாரோ, அதேதான். அவரே போஸ் கொடுத்திருக்கிறார்.

கீழே கேள்விக்குறிகளாக வந்து விழுந்தன. ஒருவர் அஸ்தஃபிருல்லாஹ், அல்லாஹ் மன்னிக்கட்டும் என்று போட்டிருந்தார். லக்கேஜ் பெல்ட் பக்கத்தில் நின்றிருந்தபோது காதர் பாய் எனக்கு போன் போட்டு, நான் வேறு வேலை தேடிக்கொள்ளலாம் என்று நிதானமாகச் சொன்னார். கத்தியிருந்தால்கூடப் பயந்திருக்க மாட்டேன்.

ஹாஜியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் படித்தார். லாத்தா பெட்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஹாஜியார் ஒரு விரலால் தட்டித் தட்டி எதையோ அனுப்பிவிட்டு, போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"இது எம் பொஞ்சாதி கையால பறிச்ச திராட்சைச் சாறு. சந்தேகம் இருக்கிறவுக அவுககிட்டப் பேசிக்கிருங்க. நம்பர் கீழே."

லாத்தாவின் நம்பரும் இருந்தது. குரூப்பே அடங்கிவிட்டது.

எனக்கு வேலை போகவில்லை. மறுவாரம் ஹாஜியார் ஆபீஸுக்கு வந்தார். அடுத்த லீவுக்கு வீட்டுக்காரி எங்கேயோ போகணும்னு சொல்றாள், அவளையே கேட்டுக்கோங்க என்று காதர் பாயிடம் சொல்லிவிட்டு, எங்களைக் கேட்காமலே இரண்டு டீ சொன்னார்.

இப்போது என்னிடம் ஜோடியாக யார் வந்தாலும், பேசுகிற ஆளிடம் தேதியும் பாஸ்போர்ட்டும் மட்டும் வாங்கிக்கொள்வேன். எந்த ஊர், அங்கே என்ன பார்க்க வேண்டும் என்பதைப் பக்கத்தில் கம்மென்று உட்கார்ந்திருப்பவரிடம் கேட்பேன். பெரும்பாலும் 'அவுகளையே கேளுங்க' என்றுதான் முதலில் சொல்வார்கள். நான் விடுவதில்லை. கம்ப்யூட்டரைப் பார்க்காமல், அவர் முகத்தைப் பார்த்தபடி காத்திருப்பேன். கொஞ்ச நேரம் ஆகும். ஆனால் ஆசை இல்லாத ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை.