நஸீஹாவின் கணவன்

கல்யாணமாகி இருபது வருஷம் கழித்து ஷாத்லிக்குத் தன் மனைவி மேல் பொறாமை வந்தது. வேறு ஆண் யாரும் காரணமில்லை. ஒரு குழு காரணம்.

ஸ்ஃபாக்ஸ் நகரத்து அரசு மருத்துவமனை ஒன்றில் கணினிப் பிரிவுக்கு அவன் தலைவன். காகிதக் கட்டுகளில் கிடந்த நோயாளிகளின் விவரங்களைக் கணினியில் ஏற்றியவன். எந்த டாக்டர் எந்தக் கோப்பைத் திறக்கலாம், எந்த நர்ஸ் எதைப் பார்க்கக் கூடாது என்பதற்கெல்லாம் எழுதி வைத்த விதி கிடையாது. ஷாத்லி சரி என்றால் சரி. எல்லாக் கோப்புகளையும் திறக்கிற கடவுச்சொல் அவன் ஒருவனிடம்தான் இருந்தது. யார் எப்போது எதைத் திறந்தார்கள் என்பது எங்கேயும் பதியாது.

காலையில் அவன் வரும்போதே தாழ்வாரத்தில் இரண்டு பேர் காத்திருப்பார்கள். மரியாதையாக 'ஸி' போட்டுத்தான் கூப்பிடுவார்கள்.

"ஸி ஷாத்லி, என் மாமியாரோட ரத்தப் பரிசோதனை வந்துடுச்சான்னு ஒரு பார்வை பாருங்களேன்."

பார்த்துச் சொல்வான். மறுநாள் மேசைமேல் பேரீச்சம்பழம் வைத்த மக்ரூத் ஒரு பொட்டலம் இருக்கும். அந்த இனிப்பைவிட, தன்னைக் கண்டதும் நாலு பேர் எழுந்து நிற்பதுதான் அவனுக்கு ருசி.

அவன் மனைவி நஸீஹா அங்கேயே தீவிர சிகிச்சைப் பிரிவில் தலைமை நர்ஸ். நோயாளிகளின் விவரங்களை யார் பார்க்கலாம் என்பதை இனி ஒரு குழு கூடித்தான் முடிவு செய்ய வேண்டும் என்று தலைநகரிலிருந்து உத்தரவு வந்தது. தலைமை தனக்குத்தான் என்று நினைத்து ஷாத்லி புதுக் கோட்டு தைத்துக்கொண்டான். டாக்டர்களும் நர்ஸுகளும் சேர்ந்து நஸீஹாவைத் தேர்ந்தெடுத்தார்கள். கோட்டைப் போட்டுக்கொண்டு போய் அவளுக்குக் கை தட்டிவிட்டு வந்தான்.

காபிக் கடையில் கூட்டாளிகள் விடவில்லை.

"ஏம்பா, இனிமே கம்ப்யூட்டரைத் தொடணும்னா பொண்டாட்டிகிட்ட கையெழுத்து வாங்கணுமாமே?"

"ராத்திரி போர்வையை இழுத்துக்கணும்னாலும் மனுப் போடணுமோ என்னவோ!"

அவனும் அவர்களோடு சேர்ந்து சிரித்தான். வயிறு மட்டும் எரிந்தது.

வீட்டில் அவள் தொலைபேசி ஓயாமல் அடித்தது. சூப் ஆறிக் கொண்டிருக்கும். அவள் பால்கனியில் நின்று தலைநகரத்து ஆட்களோடு பேசிக்கொண்டிருப்பாள். தாழ்வாரத்தில் ஜனங்கள் இப்போது அவளைக் கண்டுதான் எழுந்தார்கள். அவள் புதிதாகப் போட்டுக்கொண்ட கண்ணாடி அவளுக்கு எடுப்பாக இருந்ததுகூட அவனுக்குப் பொறுக்கவில்லை.

ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் அவள் சொன்னாள்: "குழு முடிவு பண்ணிடுச்சு, ஷாத்லி. மூடி வச்ச கோப்பைத் திறக்க இனிமே ரெண்டு பேர் சேர்ந்து ஒப்புக்கணும். யார் திறந்தாலும் பேர் பதியணும். அந்த ஏற்பாட்டை நீதான் செய்யணும்."

"என்மேல நம்பிக்கை இல்லையா?"

"உன்னை நம்பறேன். உனக்கப்புறம் வர்றவனை எனக்குத் தெரியாதே."

"எனக்கப்புறமா? அதுக்குள்ள என்னைக் கிளப்பிட்டியா?"

அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று அந்த வேலையை அவன் தள்ளிக்கொண்டே போனான்.

அந்தச் சமயத்தில்தான் மருத்துவமனை இயக்குநர் புராவி அவனை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அவர் மகளுக்கு நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை கைஸ் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அவன் நரம்பியல் பிரிவுக்கு வந்து போவதை யாரோ பார்த்துச் சொல்லியிருந்தார்கள்.

"ஒரு பார்வை பாரு, ஷாத்லி. பெத்தவன் மனசு அடிச்சுக்குது."

"இப்பல்லாம் குழுவைக் கேக்கணுமே, ஸி டாக்டர்."

"குழு என்ன குழு! ஆரம்பத்துலயே உன்னைத் தலைவராப் போட்டிருக்கணும். வருஷக் கடைசியில மாத்திடலாம், நான் இருக்கேன்."

அந்த வார்த்தை போதுமாக இருந்தது. ஷாத்லி கோப்பைத் திறந்தான். சின்ன வயதிலிருந்து கைஸுக்கு வலிப்பு இருந்தது. மாத்திரையால் கட்டுப்பட்டு, பல வருஷமாக ஒருமுறைகூட வரவில்லை. போய்ச் சொன்னான். 'வலிப்பு' என்ற சொல்லுக்கு மேல் இயக்குநர் கேட்கவில்லை.

நிச்சயம் முறிந்தது. சேதி ஊரெல்லாம் பரவியது. வாத்தியாரிடம் பிள்ளைகளை விடலாமா என்று பெற்றோர்கள் பள்ளிக்கூட வாசலில் கூடினார்கள். கைஸின் அம்மா நேரே நஸீஹாவிடம் வந்து நின்றாள்.

"என் பையன் வியாதி உங்க நாலு சுவத்துக்குள்ளதானேம்மா இருந்துச்சு? அது எப்படிம்மா சம்பந்தி வீடு வரைக்கும் போச்சு?"

இயக்குநர் முந்திக்கொண்டார். நரம்பியல் பிரிவின் எழுத்தர் துரயா என்ற பெண்தான் வெளியே உளறியிருப்பாள் என்று அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார். துரயாவின் அழுகை மாடிப்படி வரை கேட்டது.

அன்று வீட்டுக்கு வந்ததும் நஸீஹா கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நீயா?"

"உன் குழு எதுக்கு இருக்கு? அது கண்டுபிடிக்கட்டுமே."

அவள் அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு கைப்பையோடு உள்ளே போய்விட்டாள்.

குழு கூடியது. கணினிப் பிரிவின் தலைவன் என்ற முறையில் ஷாத்லியும் வந்து உட்கார்ந்தான். இயக்குநர் ஒரு தாளை நஸீஹா முன்னால் தள்ளினார். "துரயாவை நீக்குற உத்தரவு. கையெழுத்துப் போடுங்க மேடம்."

"மாட்டேன். அவதான் திறந்தான்னு ஆதாரம் எங்க?"

"ஆதாரம் பதியற ஏற்பாட்டைச் செய்யாம விட்டது உங்க குழுதானே? இந்தக் குழு வந்தப்புறம்தான் ரகசியம் தெருவுக்கு வந்திருக்கு. இதுக்கு நீங்களே விலகிடறது மரியாதை."

ஷாத்லி இந்த நாளுக்குத்தான் காத்திருந்தான். அவள் தலை குனிவதைக் கண்ணாரப் பார்க்க வேண்டும் என்று எத்தனை ராத்திரி புரண்டிருப்பான். இப்போது அவள் வாயைத் திறந்தால் போதும். என் கணவர்தான் வேலையை இழுத்தடித்தார் என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பிவிடலாம். அதை அவள் சொல்லத்தான் போகிறாள் என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"தாமதம் ஆனது நிஜம்," என்றாள் நஸீஹா. "தலைவி நான். அதுக்கு நான் பொறுப்பு. ராஜினாமா தர்றேன். ஆனா துரயா வேலைக்குத் திரும்பணும்."

அவன் பக்கம் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஷாத்லிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வெட்கம் இருந்தது; இல்லாமல் இல்லை. ஆனால் அதைவிடப் பெரிதாக அந்தப் பழைய பொறாமைதான் எழுந்தது. இதிலும் முந்திவிட்டாளே! பழியைச் சுமப்பதில்கூட இவள் எனக்கு ஒரு படி மேலேயா!

எழுந்துவிட்டான். "துரயா இல்ல. திறந்தது நான். கேட்டது இவர்."

இயக்குநர் சிரிக்கப் பார்த்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

விசாரணை நடந்தது. துரயா வேலைக்குத் திரும்பினாள். இயக்குநரைத் தலைநகருக்கு மாற்றினார்கள். அங்கே அவருக்கு இதைவிடப் பெரிய அறை கிடைத்ததாகக் கேள்வி. ஷாத்லியின் பதவி போனது. கெர்கென்னா தீவில் இருக்கும் சின்ன மருந்தகத்துக்கு அவனை அனுப்பினார்கள். கிளம்புவதற்கு முன் கைஸின் வீட்டுக் கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்கப் போனான். கைஸ் கதவைப் பாதிதான் திறந்தான்.

"என்னைப் பத்தி உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. இன்னும் என்ன பாக்கணும்?"

கதவு சாத்திக்கொண்டது. முறிந்த கல்யாணம் கூடவில்லை.

நஸீஹாவின் ராஜினாமாவை யாரும் ஏற்கவில்லை. கொஞ்ச நாளில் அந்த வட்டாரத்து மருத்துவமனைகள் அத்தனைக்கும் அவள் வகுத்த விதிதான் என்றாயிற்று. வாரக் கடைசியில் அவன் வீட்டுக்கு வந்தால் தட்டு வைப்பாள், பேசுவாள், சில நாள் சிரிக்கவும் செய்வாள். மன்னித்துவிட்டேன் என்று மட்டும் அவள் சொன்னதில்லை. அவனும் கேட்கவில்லை.

ஒருமுறை தீவுக்குத் திரும்புகிற படகில், பக்கத்தில் இருந்த மீனவரின் வானொலியில் அவள் குரல் வந்தது. நோயாளியின் ரகசியம் அவனுடைய உடம்பு மாதிரி, அவன் அனுமதியில்லாமல் யாரும் தொடக் கூடாது என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என்னமாப் பேசுது இந்தம்மா!" என்றார் மீனவர். "இவளைக் கட்டினவன் குடுத்து வச்சவன்."

ஷாத்லி கடலைப் பார்த்தான். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தான். முடியவில்லை.

"பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கும்," என்றான். "சமையல்லதான் உப்பு கூட."