கண்ணாடியில் மிச்சமிருந்தவள்

என் வேலை என்னவென்று யாராவது கேட்டால் இரண்டு வரியில் சொல்லிவிடுவேன். ஈஸ்ட் செல் ஓரளவு வளர்ந்த பிறகுதான் இரண்டாகப் பிரியும்; வளர்ந்தது போதும் என்று அதற்கு எப்படித் தெரிகிறது? அதைத்தான் தேடுகிறேன். நெய்யாற்றின்கரையில் ரயிலேறி நகரத்து ஆய்வகத்துக்குப் போய், நாள் முழுக்க நுண்ணோக்கியில் கண்ணை வைத்திருப்பேன். அக்கா சாகும்வரை இந்தக் கேள்வி என்னைப் பயமுறுத்தியதில்லை. நிறுத்தத் தெரியாமல் பிரிந்துகொண்டே போன செல்கள்தான் அவளைக் கொண்டுபோயின. அதற்குப் பிறகு நான் வளர்க்கும் ஈஸ்ட் பிரிவதைப் பார்த்தாலே கண்ணை எடுத்துவிடுவேன்.

செத்தவர்களுக்குக் கடற்கரையில் பலியிடும் கர்க்கிடக வாவுக்கு, அதாவது ஆடி அமாவாசைக்கு, முந்தின வாரம் அத்தான் ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். அக்காவின் கணவர், பாறசாலையில் உரக்கடை வைத்திருக்கிறார். பேய் பிசாசு என்றால் சிரிக்கிற மனுஷன். சட்டைப்பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே சின்னக் கண்ணாடித் துண்டு. அக்காவின் கட்டியிலிருந்து சீவியெடுத்து, சாயமேற்றி ஒட்டிய சதை. வேறொரு டாக்டரிடம் காட்ட ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கியது, வீட்டிலேயே தங்கிவிட்டது.

“அஸ்தியெல்லாம் பொழியூர் கடல்ல விட்டாச்சு. இது மட்டும் அலமாரியில இருக்கு. முழுசாட்டு போகாதவ எப்படி மக்கா அடங்குவா? அடுக்களையில அவளுக்க நடமாட்டம் கேக்குது.”

“அது செத்த செல் அத்தான். வெறும் சாயமாக்கும்.”

சொன்னேனே தவிர, அந்த அடுக்களைக்குள் போக நானும் பயந்துகொண்டுதான் இருந்தேன்.

“கண்ணாடியோட கடல்ல போட்டா வலை இழுக்கியவங்க காலக் கிழிக்கும். நீ அவள அதிலேந்து எடுத்துத் தரணும்,” என்றார்.

எடுக்கலாம். சைலீன் திரவத்தில் ஊறப்போட்டால் மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய கண்ணாடி கழன்றுவிடும். பிறகு பிளேடால் சுரண்ட வேண்டியதுதான். அதற்கு முன் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார். நுண்ணோக்கியில் வைத்துக் கொடுத்தேன். ஊதா நிறத்தில், பெரிதும் சிறிதுமாக, செல்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. ஒன்று பாதி பிரிந்தபடியே நின்றுபோயிருந்தது.

“இதா அவளக் கொன்னது?”

“ஆமா.”

தலையை எடுக்காமலே கேட்டார்: “அப்ப அவ எங்க?”

“அதும் அவதான் அத்தான். அவளுக்க உடம்புல பிறந்ததுதானே.”

வாவுக்கு முந்தின நாள் நானே சுரண்டினேன். அத்தான் நீட்டிய வாழையிலைத் துண்டில் ஊதாத் தூசியாக உதிர்ந்தது; ஒரு சிட்டிகைகூடத் தேறவில்லை. அவர் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“எல்லாம் வந்தாச்சா? பாத்துச் சொல்லு.”

கண்ணாடியை மறுபடி நுண்ணோக்கியில் வைத்து ஓரம் ஓரமாகத் தேடினேன். ஒன்றுமில்லை. விளக்கின் வெளிச்சம் மட்டும் நேராகக் கண்ணில் விழுந்தது. சிதைக்கு முன்னால்கூட அழாதவள், அந்த வெறும் கண்ணாடியைப் பார்த்து அக்கா, அக்கா என்று அழுதேன்.