கைபேசியில் அவள் பெயர்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவள் இஸ்திரி போடுபவள். எண்கள் தெரியும், எழுத்து தெரியாது. சிவப்புப் பையில் வந்தால் தொற்று நோயாளியின் துணி, நீலப் பையில் வந்தால் மற்றவை என்று நிறத்தை வைத்தே காலம் தள்ளினாள். புதிதாக வந்த மேலாளர் எல்லாவற்றையும் வெள்ளைப் பையாக்கிச் சீட்டு ஒட்ட வைத்தார்.

"படிக்கத் தெரியாதவங்க கூட்டிப் பெருக்கப் போகலாம்" என்றார்.

அந்த ஆத்திரத்தில்தான் ஐம்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றாள். துணி மடிக்கும் தோழி சாப்பாட்டு வேளையில் சொல்லிக்கொடுத்தாள். கொம்பு வைத்த எழுத்துகள் ரொம்ப நாள் தண்ணி காட்டின. பிடிபட்டதும் மருந்துப் பெட்டி, பஸ் பலகை, சோப்பு உறை என்று எதையும் விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் வீட்டுக்குப் போயிருந்தாள். அவன் கைபேசியைக் காணாமல் சோபா மெத்தைகளைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

"அம்மா, உன் போன்லேர்ந்து ஒரு ரிங் குடேன்."

கொடுத்தாள். அவள் பக்கத்திலேயே, செய்தித்தாளுக்கு அடியில் மணி அடித்தது. எடுத்துப் பார்த்தாள். திரையில் இருந்ததை வாய்விட்டுக் கூட்டினாள்.

"தொ... ல்... லை."

மகன் பாய்ந்து வந்து பிடுங்கினான். "சும்மா விளையாட்டுக்கு வெச்சதும்மா."

"உன் மாமியாரை என்னன்னு வெச்சிருக்க?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு?"

"காட்டுடா!"

காட்டினான். 'அத்தை' என்று இருந்தது. பக்கத்தில் ஒரு பூப்படம் வேறு.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. காய்ச்சலில் கிடந்து கூப்பிட்டபோதும் இதைப் பார்த்துவிட்டுத்தான் எடுத்திருக்கிறான். எடுக்காமலும் விட்டிருக்கிறான்.

"ஒரு வார்த்தைக்கு இவ்ளோ ஆட்டமா? இதுக்குத்தான் படிச்சியா?"

"ஆமாடா, இதுக்குத்தான்!"

மருமகள் தட்டு வைத்துக் கூப்பிடக் கூப்பிட, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

சில நாள் கழித்து மகன் சலவைக்கூட வாசலுக்கு வந்து நின்றான். "அம்மான்னு மாத்திட்டேன், பாரேன்" என்று திரையை நீட்டினான். அவள் அதைப் பார்க்கவில்லை.

"எப்பலேர்ந்து அப்படி வெச்சிருந்த?"

அவன் தலையைக் குனிந்தான். "போன் வாங்கினதுலேர்ந்து."

"உள்ள வேலை கிடக்கு" என்று திரும்பிவிட்டாள்.

பேச்சு முறிந்துவிடவில்லை. அவன் கூப்பிட்டால் எடுக்கிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். தானாக மட்டும் அவனை அழைப்பதில்லை.

"இன்னுமா கோவம்?" என்று தோழி கேட்டாள்.

"இன்னும்தான்" என்று ஈரப் போர்வையின் மேல் இஸ்திரிப் பெட்டியை அழுத்தினாள்.